தெங்கிஸின் முடக்குவாதம்

மூன்று வாரமாய் முடக்குவாதம் என்றே நம்பியிருந்தார் தெங்கிஸ்.
தொட்டியில் கை விட்டால் மட்டும் வருகிற முடக்குவாதம்.
முழங்கை வரை எறும்பு ஏறுகிறது என்றார்.
திராட்சைச் சாராயம் தேய்த்துப் பார்த்தாராம்,
மிச்சத்தைக் குடித்தும் பார்த்தாராம்.

என்னைக் கூப்பிட்டது கைக்காக இல்லை,
மீன்களுக்காக.
ரியோனி ஆற்றுத் தண்ணீரில் வளரும் நானூறு கல்மாகிகள்,
விலாவில் சிவப்புப் பொட்டு வைத்தவை,
தொட்டி முழுக்க இடம் கிடக்க
வடக்கு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு,
கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி.

தெற்கு மூலையில் தொங்கியது அந்தக் குச்சி.
தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும்.
விரல் நீளம். அதன் பசிக்கு ஐந்து வோல்ட் போதும்.
பம்ப் அறைக்கு வந்து சேர்வதோ
முந்நூற்றி எண்பது, மூன்று கம்பியில்.
நான்காவது கம்பி இழுக்க யாரும் காசு தரவில்லை.

யார் பொருத்தியது?
"மச்சினன் மகன். குத்தாயிசியில் படிக்கிறான்.
கெட்டிக்காரன், நானுலி."
திறந்து பார்த்தேன். கெட்டிக்காரன்தான்.
ஒரு மின்தேக்கி, இரண்டு தடை, ஒரு ஜீனர்.
மொத்தமும் தீப்பெட்டிக்குள்.
செலவு ஒரு ரொட்டி விலை.

மீட்டரை அதன் இரண்டு முனையிலும் வைத்தேன்.
ஐந்து. தும்மல்கூட இல்லாத ஐந்து.
ஒரு முனையை எடுத்து ஈரமண்ணில் குத்தினேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
தண்ணீருக்கும் மண்ணுக்கும் வைத்தேன்.
தொண்ணூற்றாறு.

ஐந்துதான். எதிலிருந்து ஐந்து?
ஐந்து படி ஏணி,
கொண்டுபோய் நிறுத்தியிருப்பது மொட்டைமாடியில்.

தெங்கிஸ், உங்கள் பூட்ஸைக் காட்டுங்கள்.
ரப்பர். முழங்கால் வரை. ஓட்டை இல்லை.
ஞாயிற்றுக்கிழமை இதற்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள் என்றேன்.
சிரித்தார்.
பிறகு காய்ந்த கையைச் சட்டையில்
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்ப்ரோலவுரியில் நின்றுபோன லிஃப்ட் ஒன்றின் பெட்டியில்
கழற்றி வைத்திருந்த மின்மாற்றி காரில் கிடந்தது.
மூன்றரைக் கிலோ இரும்பு.
இல்லாத ஒரு நாட்டின் முத்திரை.
இந்தப் பக்கம் முந்நூற்றி எண்பது,
அந்தப் பக்கம் பன்னிரண்டு,
நடுவில் மஞ்சள் பிசின் துணி நான்கு சுற்று.
கொடுக்கல் வாங்கல் உண்டு,
ஆனால் ஒரு கம்பியும் எல்லை தாண்டாது.

ராச்சாக்காரர்கள் மெதுவானவர்கள் என்று
நாடே ஜோக் சொல்லும்.
சொல்லட்டும். இருட்டும்வரை எடுத்துக்கொண்டேன்.
போனாலும் வந்தாலும் ஒரே திசைக்குத் திருப்பிவிடும்
நான்கு டயோடுகள்.
பீர் டின் அளவு மின்தேக்கி:
பன்னிரண்டு என்று எழுதியதைப் பதினேழாய்க் காட்டியது,
அலையின் உச்சியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம்.
வேண்டாததை வெந்நீர்ச் சூட்டில் விரயம் செய்துவிட்டு
ஐந்தை மட்டும் வெளியே விட்டது ரெகுலேட்டர்.
தொட்டியோரம் ஓர் இரும்புக் கம்பியை
ஆள் உயரத்துக்கு மண்ணில் அடித்தோம்,
முறைவைத்து, பேசாமல்.

குச்சிக்கு ஐந்து.
தண்ணீருக்கும் மண்ணுக்கும் பூஜ்ஜியம்.
விட்டுப் பாருங்கள் என்றேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
நானே விட்டேன். குளிர், அவ்வளவுதான்.
மீன்கள் அசையவில்லை.
அவற்றிடம் மீட்டர் இல்லை.

விடிகாலையில் போன்.
"ஒன்று தெற்கே வந்துவிட்டுத் திரும்பிப் போனது."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"இப்போது மூன்று."
பிறகு குரலைத் தாழ்த்தி,
தொட்டிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல:
"கையும் விட்டேன். எறும்பு இல்லை.
ஆனால் தோள்பட்டை இன்னும் குடைகிறது, நானுலி.
அது நிஜமாகவே முடக்குவாதம்தான் போல."