கழித்தல்

வாரத்தில் நான்கு நாள் டிராமில் சீட்டு கேட்பேன்.
மீதி நாட்களில் கதவு தட்டிக் கருத்து கேட்பேன்.
இரண்டுக்கும் மனிதர்கள்
ஒரே மாதிரிதான் சட்டைப்பையைத் தடவுகிறார்கள்.

போன குளிர்காலத்தில் நேராகவே கேட்டோம்.
அதிபரை நம்புகிறீர்களா என்று
நான் முடிக்கும் முன்பே
"நம்புகிறேன்" வந்துவிடும்,
கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே.
ஒருத்தி, அடுப்பில் பால் பொங்குகிறது என்றாள்.
பால் வாசனையே இல்லை.
"பதில் இல்லை" என்ற கட்டத்தில் குறித்தேன்.
படிவத்திலேயே சிறிய கட்டம் அதுதான்,
பேனா முனை நுழையும் அளவு.

இந்த ஆண்டு அட்டை வந்தது.
பாதிப் பேருக்கு நான்கு வாக்கியம்,
பாதிப் பேருக்கு ஐந்து.
யாருக்கு எது என்பதைக் குலுக்கல் சொல்லும்.
சென்ற மாதம் நூலகம் போனேன்.
ஐஸ் ஹாக்கி பார்ப்பேன்.
கோடையில் உருளைக்கிழங்கு போட்டேன்.
வாங்குகிற சம்பளம் போதுகிறது.
ஐந்தாவது இருந்தால், அதில் அதிபர்.
எவை உண்மை என்று சொல்ல வேண்டாம்,
எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள்.
கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள
ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் கொடுத்த இடம் அது.

ஏழாம் மாடி பல்யூதா
மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி
"ஐந்து!" என்றாள்.
லிஃப்ட் ஓடாத கட்டடம்.
முழங்கால் வலியில் அவள் கீழே இறங்கி
இரண்டு வருடமாகிறது.
நூலகம்?
நான் கேட்கவில்லை, கேட்பது விதிக்குப் புறம்பு.
எதிர்வீட்டுக் கதவின் பார்வைத்துளை
ஒருமுறை இருண்டு மீண்டும் வெளுத்தது.

தரைத்தளத்தில் விகென்ட்சி, வெல்டிங் வேலை.
அட்டையை இருமுறை படித்தார்,
கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்
விரல் மடக்கினார்.
"மூன்று."
நன்றி சொல்லி அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டேன்.
பனியில் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து
மூச்சு வாங்க என் முழங்கையைப் பிடித்தார்.
"நான்கு என்று மாற்றிவிடுங்கள்.
எல்லாமே உண்மைதான். எல்லாமே."
மாற்றினேன்.
அவருக்கு விழுந்தது சின்ன அட்டை.
நூலகம், ஹாக்கி, கிழங்கு, சம்பளம்.
அதிபர் அதில் இல்லவே இல்லை.

ஏப்ரலில் திவினா ஆற்றின் பனி உடையும்வரை
கழித்துக்கொண்டே இருந்தோம்,
பெரிய அட்டையின் சராசரியிலிருந்து சின்னதின் சராசரியை,
சம்பளத்திலிருந்து வாடகையை,
ஒரு குளிர்காலத்தை.
திமஃபேய் அலுவலகக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
அந்த இரைச்சலுக்குள் சொன்னார்:
நேராகக் கேட்டால் நூற்றுக்கு எண்பத்தாறு.
அட்டையில் அறுபத்து மூன்று.
"நடுவில் இருபத்து மூன்று பேர்" என்றார்,
காணாமல் போன சொந்தக்காரர்கள்
கடிதம் போட்டதைப் போல.
எந்த மாடி, எந்தக் கதவு,
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
தெரிந்துகொள்ள வழியே இல்லை,
இந்த முறையின் நாணயம் அது ஒன்றுதான்.
பிறகு குழாயை மூடினார்.
பிழை ஏழு கூடலாம், ஏழு குறையலாம் என்று
சாதாரணக் குரலில் சொன்னார்.

என் வீட்டை எந்தக் குலுக்கலும் எடுத்ததில்லை.
எடுத்தால் என்ன எண் சொல்வேன் என்று
பாத்திரம் கழுவும்போது ஒத்திகை பார்ப்பேன்.
ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.

நேற்று மாலை, நெரிசலில் டிராம்.
நூறு பேர் இருக்கலாம்.
முகம் முகமாகப் போனேன்,
எதைத் தேடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.
கடைசிக் கம்பியைப் பிடித்தபடி விகென்ட்சி.
நான் வாய் திறக்குமுன் சீட்டை நீட்டினார்.
சரியான சீட்டு.
அதனடியில் இன்னொன்று.
இது யாருக்கு என்றேன்.
அவரோடு யாரும் வரவில்லை.
இரண்டிலும் துளை போட்டிருந்தார்.