ஆறு கிழட்டுக் குதிரைகள்

அந்த ஆண்டு ஏட்டில் நான் எழுதிய பொய் இது:
"கிழட்டுக் குதிரைகள், ஆறு. வேலைக்கு ஆகாதவை."
மசி உறைந்திருந்தது. வாயருகே வைத்து ஊதி ஊதி
இளக்கித்தான் எழுதினேன்.
கை நடுங்கியது குளிரால் என்று
இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

யானா ஆற்றங்கரைக் கூட்டுப்பண்ணைக்கு
மேற்கிலிருந்து இறங்கின சிவப்பு மாடுகள்.
ஆளுயரம். வாளி வாளியாய்ப் பால்.
எங்கள் மாடுகளைக் கண்டு லுகிச் சிரித்தார்:
"இது மாடா, மயிர் முளைத்த முக்காலியா?"
இடுப்பளவு உயரம்தான். மடியிலும் மயிர்தான்.
நாளுக்கு நாலு லிட்டர்.
கணக்குப்படி அதிகாரி சொன்னது சரி.
கணக்கு எழுதுகிறவள் நான்.
தின்னாத தீவனத்துக்கு
என் ஏட்டில் பத்தி கிடையாது.

கசாப்புக்குப் பட்டியல் போனது.
அக்குலீனா வாதாடவில்லை.
ஐந்து பசு, ஒரு காளை,
குளம்புகளில் பழைய கம்பளி சுற்றி
உறைந்த ஆற்றின்மேல் இரவோடு நடத்திப் போனாள்.
விடிந்தபோது என் மேசையில் ஒரு கட்டி வெண்ணெய்.
"லஞ்சமில்லை," என்றாள்,
"அந்த நாலு லிட்டரில் எடுத்தது."

மூன்றாம் குளிர்காலம் தீவன லாரி வரவில்லை.
பாதரசம் உறைந்து வெப்பமானி வாய் மூடிக்கொண்டது.
அடுப்பை ஒட்டி நின்ற சிவப்பு மாடுகள்
காம்பு வெடித்து
ஒவ்வொன்றாய் முழங்கால் மடித்தன.
கழித்தேன். மறுபடி கழித்தேன்.

ஆற்றுக்கு அப்பால் மங்காஸ்
வில்லோப் புதரின் நுனிகளை மென்றுகொண்டிருந்தாள்.
அவள் முதுகில் விழுந்த பனி உருகாமலே கிடந்தது;
உள்ளே இருக்கும் சூட்டில் ஒரு துளியும்
வெளியே விடாத கஞ்சி.
அந்தக் கஞ்சத்தனத்தைத்தான்
பிப்ரவரி முழுக்கப் பதினோரு குழந்தைகள் குடித்தார்கள்.
ஒருத்தி லுகிச்சின் மகள்.
பால் எங்கிருந்து வருகிறதென்று அவர் கேட்கவில்லை.

பனி இளகியதும் தணிக்கைக்கு வந்தார்.
பக்கம் புரட்டிய விரல் ஓரிடத்தில் நின்றது.
"கிழட்டுக் குதிரைகள் ஆறு.
இந்த ஆண்டு ஈன்றவை: கன்று, மூன்று."
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கன்றா?"

அடுப்பில் விறகு வெடித்தது.
கறந்த பால் காம்புக்கு ஏறாது;
எழுதியதும் அப்படித்தான்.
என் பேனாவை வாங்கினார்.
வாயருகே வைத்து ஊதினார், என்னைப் போலவே.
"கன்று" என்பதை அடித்துவிட்டு
மேலே "குட்டி" என்று திருத்தி
கையெழுத்தும் போட்டார்.

மூன்று குட்டிகள்.
ஒன்றுக்கு அதற்குள்
கொம்பு அரும்பியிருந்தது.