பதினேழெட்டு

கொழிஞ்ஞாம்பாறையில் பிறந்ததால் கிடைத்த வேலை.
காதில் கருவி, கையில் பென்சில்.
அவர்கள் மலையாளத்தில் தொடங்கி
தமிழில் திட்டிக்கொண்டு
திரும்பவும் மலையாளத்தில் சமாதானமாவதை
வரிவரியாய்ப் பிரித்து எழுதுவேன்.

நூற்றுப் பன்னிரண்டு நாள்.
நான்காம் எண்ணுக்கு மூல உபத்திரவம் என்பதுவரை தெரியும்.
மகளுக்குக் கணக்கு வராது.
ஒருநாள் இரவு போனிலேயே வாய்பாடு சொல்லிக்கொடுத்தான்:
பதினேழெட்டு நூற்றிருபத்தாறு.
அதையும் எழுதி
ஓரத்தில் திருத்தி வைத்தேன்.
மேலதிகாரி அடித்துவிட்டார்,
வழக்குக்குத் தேவையில்லை என்று.

எழுபத்தோராம் நாள்:
"வெடி எத்தியோ?"
எத்துவது எங்கள் பேச்சில் உதைப்பது,
அவர்கள் பேச்சில் வந்து சேர்வது. அது சுலபம்.
வெடிதான் கஷ்டம்.
கோயிலில் சீட்டு வாங்கி நேர்ந்துகொண்டாலும் வெடி,
கல்குவாரியில் பாறைக்கு வைத்தாலும் வெடி.
மூன்றாவது அர்த்தத்துக்கு
என்னிடம் இருந்த ஆதாரம்
அந்தச் சொல்லுக்கு முன்னால் அவன் விழுங்கிய எச்சில்.
எச்சிலை எந்த மொழியில் எழுதுவது?

கோபாலபுரம் சோதனைச் சாவடி, விடியாத நான்கு மணி.
கள்ளு வண்டிகள் வரிசையாய்ப் புளித்து மணக்கின்றன.
இங்கேயே மடக்கு, பொருளோடு பிடித்தால்தான் வழக்கு
என்றார் பிரபுல்லசந்திரன்.
விடுங்கள், எங்கே இறக்குகிறான் பார்ப்போம்
என்றார் பெயர் சொல்லாத இன்னொருவர்,
வெறும் குரலாக, தொலைவிலிருந்து.
இருவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

விட்டோம்.
ஆலத்தூர் தாண்டி
நாற்பது நிமிடம் வண்டி கண்ணில் இல்லை.

குற்றப்பத்திரிகையில் பெட்டிகள் பன்னிரண்டு.
ஏற்றும்போது பார்த்தவன் எண்ணியது இருபது.
பார்த்தவன் யார்?
அவன் சாட்சிப் பட்டியலில் இல்லை.
தினமும் அதே சாலையில் வண்டி ஓட்டுகிறான்,
அவனுக்கும் வீடு, வீட்டில் விளக்கு.
எட்டுப் பெட்டி எங்கே என்று கோர்ட்டில் கேட்டால்
எட்டு என்று சொன்னது யார் என்று
அடுத்த கேள்வி வரும்.
ஆகவே அந்த எட்டும் சட்டத்தில் கிடையாது.
என் பென்சிலில் மட்டும் இருக்கின்றன,
எங்கோ ஒரு கூரைக்குக் கீழும்.

ஒலிநாடாவைத் தர முடியாது என்று கடிதம் வந்தது:
மற்ற ஆறு எண்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.
அரசு வக்கீல் கடிதத்தை மடித்தார், விரித்தார்,
மறுபடி மடித்தார்.
"அப்போ நான் எதை வெச்சு வாதாடறது, எமல்டா?
காத்தை வெச்சா?"
பாலக்காட்டில் காற்றுக்குப் பஞ்சமில்லை சார்
என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜாமீன் விசாரணை.
ஒரு மணி நேரத்தில் முடிந்தது.
அவன் குரலுக்கு முகம் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
நினைத்ததைவிடக் குள்ளம்.
நடக்கும்போது கொஞ்சம் அகட்டி நடந்தான்,
காரணம் எனக்குத் தெரியும்.

வராந்தா பெஞ்சில் பள்ளிச் சீருடையோடு
ஒரு பெண், பதினொரு வயதிருக்கும்.
மடியில் கட்டம் போட்ட நோட்டு.
உதடு அசைந்துகொண்டிருந்தது.
பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.

நூற்று முப்பத்தாறு, கண்ணு.
பதினேழெட்டு நூற்று முப்பத்தாறு.

சொல்லவில்லை.
சொன்னால்
நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது
தெரிந்துவிடும்.