மனப்பான்மை, பத்துக்கு

டத்தோ கெராமாட் சாலையில்
டயர்க்கடைக்கு மேல்மாடி.
ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை
நாங்கள் மூவர்
நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து
பிள்ளைகளை எடை போடுவோம்.

அச்சடித்த தாளில் இரண்டு கட்டம்.
அறிவு, பத்துக்கு.
மனப்பான்மை, பத்துக்கு.
தேறினால் ஐயாயிரம் வெள்ளி கல்விக்கடன்,
ஒரு கைகுலுக்கல், ஒரு படம்.

கோவிந்தராஜூ சுங்க இலாகாவில் இருந்தவர்.
கதவைத் திறக்கும் விதத்திலேயே
பாதி மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்வார்.
பத்மநாதனுக்கு ஒரே கேள்விதான்:
“நாளிதழ் வாசிக்கிறதுண்டா?”
இல்லை என்பார்கள்.
அவர் என்னைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன்.
அன்று காலை நானும் வாசிக்கவில்லை.

முதலில் வந்தவன் கவினேஷ்.
எல்லாவற்றுக்கும் “சரிங்கய்யா” என்றான்.
எட்டு போட்டோம்.
அவன் முகம்கூட இப்போது நினைவில்லை.

அடுத்து லோஷினி.
காதோரம் ஒருபக்கம் மழித்த தலை.
கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்,
எங்கள் மேசைமேல்.
“உன் லட்சியம் என்ன?”
“இன்னும் தெரியல அங்கிள்.
படிக்கணும். அது தெரியும்.”
கோவிந்தராஜூவின் பேனா அசைந்தது.

“ஏதாச்சும் கேக்கணுமா?” என்றேன்.
வழக்கத்துக்காகக் கேட்பது. இதுவரை யாரும் கேட்டதில்லை.
“ஏழாவது நிபந்தனை.
ஜாமீன், தந்தை கையெழுத்துன்னு இருக்கு.
அப்பா எங்க இருக்காருன்னே தெரியாதவங்க
அந்தக் கோட்டுல என்ன எழுதறது?”

கீழே டயருக்குக் காற்றடித்தார்கள்.
“அது காலங்காலமா உள்ளதும்மா” என்றார் பத்மநாதன்.
“அதான் கேக்கறேன்” என்றாள்.

அவள் போனபின் கோவிந்தராஜூ சொன்னது ஒரே சொல்:
“வாய்.”
“அறிவு இருக்கு, அடக்கம் இல்ல” என்றேன் நான்.
“அறிவு எங்க இருக்கு?
எல்லாம் அந்தப் பெட்டியிலதான இருக்கு” என்றார் பத்மநாதன்.
மூவரும் சிரித்தோம்.

ஏழாவது நிபந்தனை எப்போது வந்தது
என்று பார்க்கத்தான் இரும்பு அலமாரியைத் திறந்தேன்.
துருவேறிய கிளிப்பில் எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கோப்பு.
நிபந்தனை அதில் இல்லை.
நான் இருந்தேன்.

விண்ணப்பதாரர்: அ. தண்ணிமலை. வயது பத்தொன்பது.
அறிவு: ஐந்து.
மனப்பான்மை: மூன்று.
கீழே தலைமையாசிரியர் வைரக்கண்ணுவின்
முத்துமுத்தான கையெழுத்து:
‘சட்டைப் பொத்தான் திறந்திருக்கிறது. முடி காதை மூடுகிறது.
வினவினால் எதிர்வினா எழுப்புகிறான்.
இக்காலத்து இளைஞர்களின் போக்கு கவலையளிக்கிறது.
எனினும் பரிந்துரைக்கிறேன்.
நிதி மீதம் இருக்கிறது.’

நிதி மீதம் இருக்கிறது!
நாற்பத்தைந்து வருஷமாய்
என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த காசு என்று
மகனிடம், மருமகளிடம்,
ஓய்வுபெற்ற விருந்தில் மைக் பிடித்து
முந்நூறு பேரிடம் சொன்னது அது.
வைரக்கண்ணு ஐயா இறந்தபோது
முதல் மாலை என்னுடையது.

காது சுட்டது.
ஐந்தா? எனக்கா?
அறுபத்து நாலு வயதில், அலமாரிக் கதவுக்குப் பின்னால்,
செத்துப்போன மனிதரோடு மல்லுக்கு நின்றேன்.
அது திறந்த பொத்தான் இல்லை ஐயா.
பட்டர்வொர்த் படகில் ஏறும் நெரிசலில்
அறுந்து விழுந்தது.
நீங்கள் கேட்டிருக்கலாம்.

“கிடைச்சதா?” என்றார் பத்மநாதன்.
“எல்லாம் கரையான்” என்றேன்.
தாள் என் சட்டைப்பைக்குள் நான்காக மடிந்திருந்தது.

சொல்லிவிடுகிறேன்:
கைப்பேசியை எங்கள் மேசைமேல் வைத்தது
எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.
மனப்பான்மைக்கு ஆறுதான் போட்டேன்.
அறிவுக்கு ஒன்பது.
ஒன்றை ஏன் குறைத்தேன் என்று கேட்டால்
பதில் கிடையாது. கை பழகிவிட்டது.

பிறகு அவள் படிவத்தை என் பக்கம் இழுத்து
ஏழாவது வரியில்
‘தந்தை’ என்ற சொல்லின் குறுக்கே
ஒரு கோடு கிழித்தேன்.
பேனா தாளைக் கொஞ்சம் கிழித்தது.

கோவிந்தராஜூ நிமிர்ந்து பார்த்தார்,
இப்போதுதான் கதவைத் திறந்து
உள்ளே வருகிற எவனையோ பார்ப்பதுபோல.