குளிருக்கு வாடகை

பிப்ரவரியில் உன்னை யாரும் அழைக்கவில்லை.
கிழங்குச் செடி அப்போதுதான் ஊதாப் பூ எடுத்திருந்தது.
அன்று மாலை காற்று சட்டென்று நின்றது.
மேகம் ஒன்றுகூட இல்லை.
நட்சத்திரங்கள் கூரைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டன.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வறட்டி, தோலாப் புதர், கொழுந்தனின் பழைய டயர்,
கைக்கு அகப்பட்டதையெல்லாம்
வயலைச் சுற்றிக் கொளுத்தினோம்.
புகை செடிகளுக்குப் போர்வையாகும் என்றார்கள்.
எங்கள் கண்களைத்தான் போர்த்தியது.
மூன்று மணிக்கு நீ வந்தாய், உறைபனியே,
நாய்கூடக் குரைக்கவில்லை.
விடிந்தபோது செடிகள்
வெந்த கீரைபோல் தொங்கின.
அவற்றின்மேல் வெயில் அடித்தது,
எவ்வளவு அழகான வெயில்!

மண்ணுக்கடியில் பிழைத்தவை
கோலிக்குண்டு அளவில் வந்தன.
சந்தையில் அவற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.
“சின்னதென்றால் என்ன, சுன்யோ போடலாம்” என்றான்
கொழுந்தன் வெனான்சியோ.
போடலாம்தான்.
இரவில் விறைக்க வேண்டும், பகலில் இளக வேண்டும்,
வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து
வெயிலில் காயவிட்டால்
பத்து வருடம் புழு அண்டாத கறுப்புக் கல்.
அதற்கு உப்பு வேண்டாம், விறகு வேண்டாம்.
நீ மட்டும் வேண்டும்.

ஜூனில் புல்தரையைப் பெருக்கி
கிழங்கைப் பாய்போல் விரித்து வைத்தோம்.
சான் ஹுவான் இரவுக்கு
வாளித் தண்ணீரே பாறையாகும் ஊர் இது.
முதல் இரவு மேகம்.
இரண்டாம் இரவும் மேகம், கொஞ்சம் தூறல்,
ஜூனில் தூறல்!
மூன்றாம் நாள் காலை குனிந்து தொட்டேன்.
வெதுவெதுப்பாக, காய்ச்சல்காரன் உள்ளங்கைபோல.
சிலவற்றில் முளை கிளம்பியிருந்தது.
வானொலி மைனஸ் ஐந்து என்றது.
வெனான்சியோவின் கைப்பேசி மைனஸ் மூன்று என்றது.
கிழங்கு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்றிரவு எட்வின் இக்கிகேயிலிருந்து பேசினான்,
மீன் உறையவைக்கும் ஆலையில் இரவு வேலை.
“இங்கே சுவரில் ஒரு பொத்தான்தான் அம்மா,
அழுத்தினால் மைனஸ் இருபது.”
இரண்டு கையுறை போட்டும்
விரல் நுனி செத்துப்போகிறதாம்.
கொஞ்சம் அனுப்பி வை என்றேன்.
சிரித்தான். பிறகு இருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் லாரி பிடித்தோம்,
நூற்றெண்பது பொலிவியானோ, பேரம் பேசியும்.
பதினாறு மூட்டையை மலைமேல் ஏற்றினோம்.
அங்கே லாமா மேய்க்கும் ஹெர்மோஹெனெஸுக்கு
நிலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை,
கல்லும் ஊசிப்புல்லும்.
ஆனால் நீ அவன் வீட்டுக்குத் தவறாமல் வருகிறாய்.
போன வருடம்வரை அவனைப் பார்த்து
ஐயோ பாவம் என்றவர்கள் நாங்கள்.
“எட்டுக்கு ஒன்று” என்றான்.
“குளிருக்கா வாடகை?”
“கீழே சும்மா கிடைத்தால் இறங்கிப் போங்கள்.”

அந்த இரவு
லாரியின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு
நாங்கள் ஐந்து பேர் விழித்திருந்தோம்,
கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல.
மூன்று மணிக்கு என் காதுமடல் சுரீரென்றது.
உனக்கு நேரம் நன்றாகத்தான் தெரிகிறது.

விடியலில் ஒரு கிழங்கை எடுத்து
இன்னொன்றின்மேல் தட்டினேன்.
டக்.
பிப்ரவரிக்கும் சேர்த்துத் திட்டலாமென்று
வாயைத் திறந்தேன்,
ஆவிதான் வந்தது.
இன்னும் இரண்டு இரவு இதேபோல் வந்தாய்.

நாலாம் நாள் குவியல் குவியலாகக் கூட்டிவைத்து
செருப்பைக் கழற்றும் நேரத்தில்
ஹெர்மோஹெனெஸ் தன் பங்குக்கு வந்தான்.
அவசரமே இல்லாமல்
எல்லாக் குவியலையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
பெரியதாய் இரண்டைக் காலால் தொட்டான்.

நானாக இருந்தாலும்
அவற்றைத்தான் தொட்டிருப்பேன்.