ஓவர்

வெள்ளை போர்டில் ஹபீப் சார்
சிறிசிலிருந்து பெரிசுக்கு எழுதிக்கொண்டு போனார்:
லைக், லவ், அடோர்.
இன்னும் மேலே இருக்கிறது என்றார்.
மார்க்கர் தீர்ந்துவிட்டது.

மண்டபம் ஸ்டேஷன் ரோட்டில்
ஜெராக்ஸ் கடை மாடி. பதினோரு பேர்.
இறால் கம்பெனியிலிருந்து நான் ஒருத்திதான்,
சூப்பர்வைசர் ஆக இங்கிலீஷ் வேண்டுமாம்.
எங்கள் மேசையிலும் தரம் பிரிப்பதுதான் வேலை.
ஆனால் தலைகீழ்:
கிலோவுக்கு எத்தனை என்பது கணக்கு,
எண் குறையக் குறைய இறால் பெரிசு.
பத்துக்குள் நிற்கிற ஒன்றைக் கையில் எடுத்தால்
மேசையே கொஞ்சம் பேச்சை நிறுத்தும்.

க்ரஷ் என்றால் காதலின் ஆரம்பம் என்றார் சார்.
ஐஸ் பிளான்ட் நாகூர்கனி சிரித்துவிட்டான்.
நாளெல்லாம் கட்டி ஐஸை அவன் தள்ளுவது
அந்தப் பெயருள்ள மிஷினுக்குள்தான்.
"சரியாத்தான் சார் வச்சிருக்கான் வெள்ளைக்காரன்."

ஓவர் த மூன்: சந்தோஷத்தின் உச்சி.
நான் எழுதிக்கொள்ளவில்லை.
நிலாக் காலத்தில் வலையில் ஒன்றும் ஏறாது,
இன்னாசி வெறும் பெட்டியோடு வந்து
என் முகம் பார்க்காமல் கால் கழுவுவார்.
ஹெட் ஓவர் ஹீல்ஸ்: குதிகாலுக்கு மேலே தலை,
அவ்வளவு காதல்.
"எப்பவும் அப்படித்தானே சார் நிக்கிறோம்?"
யோசித்தார். நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.
இட்ஸ் ஓவர்: முடிந்தது. பிரிந்தாயிற்று.

அங்கே என் பேனா நின்றது.
எங்களுக்கு அந்தச் சொல் வயர்லெஸ்ஸில் இருக்கிறது.
முடிந்தது என்று அர்த்தமில்லை.
நான் விட்டுவிட்டேன்,
இனி நீ பேசு.

புதன் டோக்கன் வாங்கிப் போன போட்டெல்லாம்
வியாழன் காலை திரும்பின,
ஒன்றைத் தவிர.
வடகடல் துறையில் ஆளுக்கொரு சொல்:
இஞ்சின், வாடைக்காற்று, நேவி.
என்னிடமும் புதுச் சொற்கள் இருந்தன, நோட்டில்.
டெரிஃபைட். டெவஸ்டேட்டட். ஹார்ட்ப்ரோக்கன்.
ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்த்தேன்.
கோயில் வாசலில் மாறிப்போன செருப்பு மாதிரி
எல்லாம் ஒரு விரற்கடை பெரிசு.

ராத்திரி எட்டேகாலுக்கு
ஓனர் ஷெட்டில் பெட்டி கரகரத்தது.
"இஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரம் போட்டுக் கெடக்கோம்.
பேட்டரி கொஞ்சந்தான் இருக்கு. நாலு பேரும் நல்லாருக்கோம். ஓவர்."

ஓனர் இடம் கேட்டு எழுதினார்,
இழுத்துவர ஆள் சொன்னார்,
அப்புறம் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

ஐம்பது போட்டு கேட்கிற சேனல்.
கேட்பவர்களில் என் கொழுந்தன் இருக்கிறான்,
சீட்டுப் பணம் தரவேண்டிய லூர்தப்பன் இருக்கிறார்.
பதினாறு வருஷம் வீட்டுக்குள் சொல்லாததை
அங்கே தமிழில் சொல்ல முடியுமா?
பொத்தானை அமுக்கினேன்.
"அடோர்."
விரலை எடுக்க மறந்துபோனேன்,
மூச்சும் கொஞ்சம் போயிருக்கும்.
"ஓவர்."

கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.

"அது எந்த ஊர்ப் போட்டு?
இந்தப் பக்கம் காணலியே. ஓவர்."

எங்கேயோ யாரோ சிரித்தார்கள்,
சோளியக்குடிக்காரராக இருக்கும்.

விடிவதற்குள் கயிறு கட்டி இழுத்துவந்துவிட்டார்கள்.
நான் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.
ஆனால் நாகூர்கனியோடு டீ குடிக்கப் போனவர்
திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் எங்கள் டீசல் கேனில்
சிவப்புப் பெயின்ட், மூன்றெழுத்து, வழிந்து:
அடோர்.
போட்டு ஓனருடையது, அதில் எழுத முடியாது.
கேன் எங்களுடையது.
பங்கில் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கிறார்களாம்,
இது என்ன, சாமி பேரா?
ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

சூப்பர்வைசர் வேலை சாயல்குடிப் பெண்ணுக்குப் போனது.
வகுப்புக்கு இன்னும் போகிறேன்.
குதிகால் கேள்விக்கு
ஹபீப் சார் இன்னும் பதில் சொல்லவில்லை.