ஒன்பதரை

ஒப்பந்தம் கையெழுத்தான ராத்திரி
அவினாசி ரோட்டில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.
எங்கள் முதலாளி ஈஸ்வரமூர்த்தி
நாள்காட்டித் தாளைக் கிழித்துப்
பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.
சட்டை ஒன்று மூன்று டாலர் நாற்பது.
அந்தக் கரையில் அதற்கு வரி
ஒன்பதரை சதவீதம். இனிமேல் பூஜ்யம்.
முப்பத்திரண்டு சென்ட், என்றார்.
முப்பத்திரண்டு, என்று மறுபடியும்,
கிடா வெட்டிவிட்டுக் கூறு பிரிக்கிறவர் போல.
நூல் மில்லுக்கு ஒரு கூறு,
சாயப்பட்டறைக்கு ஒன்று,
பேங்குக்காரனுக்குக் குடல்.
டாகுமெண்ட் எழுதுகிற சுலோச்சனாவுக்கு
அந்தத் தாளில் இடமில்லை;
நானும் எட்டிப் பார்க்கவில்லை.

விடிவதற்குள் பையரின் மெயில் வந்துவிட்டது.
இருவருக்கும் வாழ்த்துகள் என்று தொடங்கி,
நாற்பதாயிரம் பீஸ் இனி ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
ஆகவே ஐந்து சென்ட் குறைத்துத் தரவும்
என்று முடிந்திருந்தது.
நான்தான் படித்துச் சொன்னேன்.
கணக்குத் தாளை எட்டாக மடித்து
டீ கிளாசுக்கு அடியில் வைத்தார்.
ஆடு அங்கேயே நின்றுகொண்டது.
இங்கே வந்தது
அதை மேய்க்கிற வேலை.

ஆனாலும் ஒப்புக்கொண்டார்.
சும்மா நிற்கிற மெஷினுக்கும் வட்டி ஓடுகிறதே.
மங்கலத்தில் பூட்டிக் கிடந்த ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி
அறுபது மெஷின் போட்டார்.
செக்கிங் டேபிளிலிருந்து சபிதா மொஹந்தா
மயூர்பஞ்சுக்குப் போன் போட்டு
தங்கச்சிகள் இரண்டு பேரையும் ரயிலேறச் சொன்னாள்.

என் மேஜைக்கு ஒரு புதுப் படிவம் வந்தது.
பதினோரு வருஷம் இன்வாய்ஸ் அடித்த கை,
இதற்குத் தயங்கியது.
துணி எங்கே பிறந்தது?
நூற்றது யார், பின்னியது எங்கே,
அதற்கு என்ன அத்தாட்சி?
பெண் பார்க்க வந்தவர்கள்
என்ன கூட்டம், எந்தக் கோயில் என்று
காபி ஆறும்வரை கேட்பார்களே, அப்படி.
மூன்று முறை திரும்பி வந்தது.
ஒரு முறை எடை தப்பு,
ஒரு முறை எட்டு இலக்கத்தில் ஒன்று குறைவு,
ஒரு முறை ஏனென்று இன்றுவரை தெரியாது.
நான்காம் முறை
கண்டெய்னர் தூத்துக்குடியில் கப்பலேறியது.

அப்புறம்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.
வேலம்பாளையம், அனுப்பர்பாளையம்,
பத்து மெஷின், பதினைந்து மெஷின்காரர்கள்,
உள்ளூர்ச் சந்தையைத் தாண்டாதவர்கள்.
ஏனுங் அம்மிணி, அந்த ஃபாரம் நீங்கதான்
எழுதறீங்களாமா?
ஆறு பேருக்குச் சோற்று நேரத்தில் சும்மா எழுதினேன்.
ஏழாவது ஆளிடம் ஐநூறு கேட்டேன்.
என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.
அவர் பேரம் பேசாமல் கொடுத்தது
அதைவிடப் புதுசு.

இப்போது ராயபுரத்தில்
ஜெராக்ஸ் கடைக்குள் எனக்கொரு மேஜை.
மூவாயிரம் வாடகை. மின்விசிறிக் காற்றில்
பாதி எனக்கு, பாதி மெஷினுக்கு.
சொன்னபோது முதலாளி சித்தே நேரம் பேசவில்லை.
"எனக்கும் நீதான் எழுதோணும்.
ஆனா ஐநூறெல்லாம் ஆகாது சுலோச்சனா."
நானூறுக்கு முடித்தோம்.

நேற்று கருப்பணன் என்றொருவர்,
பை நிறையக் குழந்தைச் சட்டைகள்.
"பொத்தான் சீனாவுதுங். மாட்டிக்குமுங்களா?"
பொத்தானை விடுங்க. துணி?
"சூரத்துக்காரன் ரோல் ரோலாக் குடுத்தானுங்."
அவனுக்கு யார் கொடுத்தது?
யோசித்தார்.
ஜெராக்ஸ் வெளிச்சம் எங்கள் முகத்தில்
ஒரு தரம் போய் வந்தது.
"துணிக்குக்கூடவாங்க பொறந்த ஊர் பாப்பாங்க?"
பார்ப்பார்கள் என்றேன்.
தைத்தவளுக்குப் பார்ப்பதில்லை.
அதற்குக் கட்டமே போடவில்லை.

காசு இப்போது வேண்டாம்,
இங்கே பின்னின துணியில் தைத்துக்கொண்டு வாங்க.
பையைச் சுருட்டி முன்னால் வைத்துக்கொண்டு
மொபெட்டை மிதித்தார். கிளம்பவில்லை.
காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகி
யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்:
"கிலோ என்ன வெலைங்?
இல்லீங், நம்மூர்ல பின்னினது."